கேட்டதை மட்டும் எழுது

12 ஜூன் 1995, திங்கள்

இல்லை, அழவில்லை. கண்ணாடிப் பஞ்சு. சீலிங்கில் வைக்கும் அந்த இழை விரலில் ஒட்டியிருந்ததோடு கண்ணைத் தொட்டுவிட்டேன். பஸ்ஸில் பக்கத்து சீட்டு அம்மாளிடம் இதைத்தான் சொன்னேன். நம்பவில்லை. "செரி செரி, அழுகாதீங் அம்மணி" என்று பையிலிருந்து இரண்டு கொய்யாப்பழம் எடுத்துக் கொடுத்தார். சூலூர் வரும்வரை தின்றுகொண்டே வந்தேன். கண்ணிலிருந்து தண்ணீர் நிற்கவில்லை. அவருக்கு திருப்தி.

உமர் பாரூக் சாரின் அலுவலகத்தில் சேர்ந்து இன்றோடு இரண்டு வருடம். முதல்முறையாக ஒரு வேலையை முழுதாக என்னிடம் விட்டிருக்கிறார். அவினாசி ரோட்டில் மில்காரர் லட்சுமிநாராயணன் கட்டும் புது அலுவலகம். முதலாளியின் அறைக்கும் அதை ஒட்டிய பெரிய ஹாலுக்கும் எந்த சீலிங் என்று நான் முடிவு செய்ய வேண்டும்.

மில்காரருக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. "பழைய ஆபீஸ்ல என்ற ரூமுக்குள்ள தும்முனன்னா, ஹால்ல கடைசி டேபிள்ல இருந்து 'நூறு'ங்கறானுங்க. இங்க நான் பேசறது ஒருத்தனுக்கும் கேக்கப்படாதுங் அம்மணி."

எல்லோரும் சிரித்தோம். ஹர்ஷாவும். அவன் அங்கே சைட் எஞ்சினியர். மில்காரரின் அக்கா மகன். நான்கு வருடமாக என்னுடையவன் — இந்த நோட்டில் மட்டும்.

15 ஜூன், வியாழன்

மற்றவர்கள் முன்னால் 'ஹர்ஷா சார், நீங்க'. படிக்கட்டு திரும்பியதும் 'நீ'. ஒரு நாளில் எத்தனை முறை மாறுகிறேன்?

24 ஜூன், சனி

கணபதியில் பாரூக் சாரின் குடோனில் இரண்டு மாதிரி அறைகள் கட்டியிருக்கிறோம். நடுவில் ஒரு தடுப்பு, மேலே மாற்றி மாற்றிப் போடும் சீலிங். சத்தத்தை அளக்கும் கருவி சாரிடம் இல்லை. அவருக்கென்று ஒரு முறை இருக்கிறது. ஐம்பது சொற்கள் கொண்ட ஒரு தாள். ஒன்றுக்கொன்று சம்பந்தம் இல்லாத சொற்கள். ஒருவர் ஓர் அறையில் உட்கார்ந்து சாதாரணக் குரலில் படிக்க வேண்டும். இன்னொருவர் அடுத்த அறையில் காதில் விழுவதை எழுத வேண்டும். எத்தனை சொல் சரி என்று எண்ணுவோம். அவ்வளவுதான்.

"கேட்டதை மட்டும் எழுதும்மா. ஊகிச்சு எழுதாதே. கட்டடம் கவுந்துடும்" என்பார் சார்.

இன்று ஹர்ஷா படித்தான், நான் எழுதினேன். கிணறு. சீப்பு. மாநாடு. பூசணி. செல்வி. தபால். நாளைக்கு. பம்பரம். பேக்கரியில். ஆணி. ஆறு மணிக்கு. தவளை.

என் பெயரிலிருந்து ஆறு மணி வரை அவன் சேர்த்ததை எல்லாம் தாளில் எழுதாமல் விட்டேன். எல்லாம் கேட்டது.

ஜிப்சம் பலகையில் ஒன்பது சொல் கேட்டது. ஆனால் படிப்பவன் குரல் அவன் அறையிலேயே முட்டி மோதுகிறது, கிணற்றுக்குள் நின்று பேசுவது போல. மினரல் ஃபைபர் டைலில் பதினேழு. கண்ணாடிப் பஞ்சு டைல் போட்ட அறைதான் எல்லாவற்றிலும் அமைதி. குரல் பஞ்சில் போய்ப் படுத்துக்கொள்கிறது. அடுத்த அறையில் எத்தனை கேட்டது? முப்பத்து நான்கு.

ஏன்? உள்ளே இவ்வளவு அமைதி, வெளியே இவ்வளவு கசிவு. எங்கே தப்பு?

25 ஜூன், ஞாயிறு

பேக்கரி. ஆறு மணி. கட்டடத் திறப்பு விழா நவம்பரில். அதற்கு முன்னால் எங்களைப் பற்றி மாமாவிடம் சொல்லிவிடுவதாக ஹர்ஷா சொன்னான். "சீலிங் முடியட்டும். அவரு சந்தோசமா இருக்கறப்ப சொல்லிப்போடறேன்."

கேட்டேன். ஊகிக்கவில்லை. எழுதுகிறேன்.

9 ஜூலை, ஞாயிறு

அப்பாவுக்கு இடது காது முழுதாகப் போய்விட்டது என்று டாக்டர் சொன்னார். வலதில் கொஞ்சம் மிச்சம். இருபத்தாறு வருடம் விசைத்தறிக் கூடத்தில் ஓட்டியதற்கு. அப்பா கவலைப்படவில்லை. "கேட்டு என்னத்தப் பண்ணப் போறன்?" என்றார், தெருவுக்கே கேட்கும்படி.

எங்கள் வீட்டில் காது தேவைப்பட்டதில்லை. கூடத்தில் தறி ஓடும்போது யாரும் கத்த மாட்டார்கள், கத்தியும் பிரயோசனமில்லை. வாயை அசைப்பார்கள். நாற்பது தறி தள்ளி நிற்பவனிடம் குழந்தைக்குக் காய்ச்சல் எப்படி என்று கேட்பார்கள். அவனும் பதில் சொல்வான். தூக்குப்போசியில் சோறு கொண்டுபோன வயதிலிருந்தே எனக்கும் வரும். அம்மா அப்பாவோடு போடும் சண்டை பக்கத்து வீட்டுக்குக் கேட்காது. மாசாணியம்மாள் மாதிரி ஒரு அடக்கமான பொம்பளையைப் பார்த்ததில்லை என்று தெருவில் அம்மாவுக்குப் பேர். அம்மாவின் வாயை நான் பார்த்திருக்கிறேன். இங்கே எழுத முடியாது.

இன்று அம்மாவிடம் ஹர்ஷாவைப் பற்றிச் சொன்னேன். சத்தமில்லாமல்தான். அம்மா குரலெடுத்துக் கேட்டது: "அவிங்க ஊட்டுக்குள்ள நம்மள உடுவாங்களா கண்ணு?"

என் பாட்டனார் பக்கம் எல்லாம் அவர்கள் மாதிரி ஆட்களின் தோட்டத்தில் வேலை செய்தவர்கள். வாசலோடு சரி. அம்மா அதைச் சொல்லவில்லை. அரிசியைப் புடைத்துக்கொண்டிருந்தது.

"காலம் மாறிப்போச்சும்மா" என்றேன்.

"உன்ற காலம் மாறிப்போச்சு. அந்தப் பையனோட காலம்?"

18 ஜூலை, செவ்வாய்

கண்டுபிடித்துவிட்டேன். தப்பு சீலிங்கில் மட்டும் இல்லை. தடுப்புச் சுவர் சீலிங்கோடு நின்றுவிடுகிறது. அதற்கு மேலே கான்கிரீட் வரை இரண்டடி இருட்டு. இரண்டு அறைக்கும் பொதுவான இருட்டு. குரல் லேசான டைலைத் தாண்டி ஏறுகிறது, சுவரின் தலைக்கு மேலே நடக்கிறது, அந்தப் பக்கம் இறங்குகிறது.

ஆகவே: மினரல் ஃபைபர் டைல். சுவரைக் கான்கிரீட் வரை தூக்க வேண்டும். குழாய் போகும் ஓட்டைகளைச் சுற்றி அடைக்க வேண்டும்.

ஹர்ஷாவுக்குப் பிடிக்கவில்லை. "ஏசி டக்ட் எல்லாம் அந்த வழியா ஓட்டியாச்சு செல்வி. இப்ப செவுத்தத் தூக்கறதுன்னா பாதி கழட்டோணும். மாமாகிட்ட ஆரு சொல்றது?"

"நீ சொல்லு."

"சொல்றேன், சொல்றேன்."

3 ஆகஸ்ட், வியாழன்

பதினைந்து நாள். அவன் சொல்லவில்லை. டக்ட் மேலும் நீண்டுகொண்டிருந்தது. இன்று சைட்டில் மில்காரர் வந்தபோது நானே சொன்னேன். ஏணியில் ஏறி, ஒரு டைலைத் தள்ளி, டார்ச் அடித்துக் காட்டினேன். அறுபது வயதில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவரும் ஏறினார். இருட்டுக்குள் தலையை விட்டுப் பார்த்தார்.

"அட, இந்த வழியாத்தான் தும்மல் போகுதுங்களா?"

"ஆமாங்க."

"கழட்டுங்கப்பா. அம்மணி சொல்றது செரி."

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. இறங்கியபின் இன்னொன்று கேட்டார். அறைக்கும் ஹாலுக்கும் நடுவில் பாதிச் சுவர் கண்ணாடியாக இருக்க வேண்டும். "எல்லாரும் வேல செய்யறத நான் பார்க்கோணும். நான் பேசறது அவிங்களுக்குக் கேக்கப்படாது." இரட்டைக் கண்ணாடி போடலாம் என்றேன். வரையச் சொன்னார்.

படிக்கட்டில் ஹர்ஷாவிடம் சொன்னேன். "உன் மாமா நீ சொல்ற அளவுக்குப் பயங்கரமா இல்லையே."

"சீலிங்குன்னா இல்ல" என்றான்.

11 ஆகஸ்ட், வெள்ளி

கண்ணாடிக்கு அளவு கொடுத்தாயிற்று. ஹர்ஷா மூன்று நாளாக சைட்டுக்கு வரவில்லை.

2 செப்டம்பர், சனி

ஹர்ஷாவின் அம்மா வந்திருந்தார், திரைத்துணிக்கு நிறம் பார்க்க. வெங்கடலட்சுமி. முதல்முறை பார்க்கிறேன். ஹர்ஷாவின் நெற்றி அவருடையது. கூடவே ஒரு பெண், இருபது வயது இருக்கலாம். மில்காரரின் மகள் சாய்ப்ரியா.

டைல் பெட்டியைத் திறந்து வைத்திருந்தேன். அந்தப் பெண் குந்தி உட்கார்ந்து விரலால் தடவினாள். "அக்கா, இத்தனை ஓட்டை எதுக்கு? பூச்சி அரிச்சுதா?"

"சத்தம் உள்ள போறதுக்கு."

"போயி?"

"போனா திரும்பி வராது."

"அய்யோ, பாவம்" என்றாள். நிஜமாகவே சத்தத்துக்காகப் பாவப்பட்டாள். எனக்கு அவளைப் பிடித்துப்போய்விட்டது. வெறுக்க முயன்றேன். வரவில்லை.

பிறகு எழுந்து, ஹாலின் அந்தக் கோடியில் நின்றிருந்த ஹர்ஷாவைக் கூப்பிட்டாள். "பாவா! இந்த அக்கா சொல்றதக் கேளு வா!"

பாவா. தெலுங்கு பேசும் அவர்கள் வீட்டில் அந்தச் சொல் யாருக்கு என்று எனக்குத் தெரியும். மாமன் மகள் அத்தை மகனைக் கூப்பிடுவது. கட்டிக்கொள்ளும் முறை உள்ளவனை.

ஹர்ஷா வந்தான். டைலைப் பார்த்தான். என்னைப் பார்க்கவில்லை. வெங்கடலட்சுமி அம்மாள் இரண்டு துணித்துண்டுகளை என்முன் நீட்டி, "எதுங் அம்மணி நல்லா இருக்கும்?" என்று கேட்டார். சாம்பல் நிறம் என்றேன்.

3 செப்டம்பர், ஞாயிறு

காந்திபுரம் பஸ் ஸ்டாண்டு. நின்றுகொண்டே பேசினோம். ஒவ்வொரு டவுன் பஸ்ஸும் வந்து போகும்வரை வாயை மூடிக்கொண்டு, பிறகு தொடர்ந்து.

கேட்டேன். சாய்ப்ரியா?

"மாமன் மகள்னா எல்லாரு ஊட்டுலயும் பேச்சு இருக்கும். சின்னதுலருந்து சொல்றாங்க. அதுக்குன்னு?"

அதுக்குன்னு என்ன? நீ இல்லை என்று சொன்னாயா?

"சொல்லுவேன். நேரம் பார்த்து."

ஹர்ஷா, உனக்குப் பிடிக்கலைன்னா —

"உங்க சார் சொல்றதுதான். கேட்டத மட்டும் எழுது. நீயா ஊகிக்காத." சிரித்தான். என் பையின் வாரைப் பிடித்து லேசாக இழுத்தான், காலேஜில் செய்வது போல.

அதற்கு நானும் சிரித்தேன். ஏன் சிரித்தேன்? ஏன் எப்போதும் சிரிக்கிறேன்?

21 செப்டம்பர், வியாழன்

பிள்ளையார் பால் குடிக்கிறாராம். சைட்டில் ஒரு ஆள் இல்லை, எல்லோரும் கோயிலில். சித்தாள் கருப்பாத்தாள் மட்டும் சிமெண்டு சட்டியோடு உட்கார்ந்திருந்தாள். நீ போகலையா என்றேன். "எனக்கே காலைல இருந்து டீ வரலீங்க. அவருக்கு நான் எங்கீங்க போறது?"

நாள் முழுக்க சிரித்தது அதற்கு மட்டும்தான்.

7 அக்டோபர், சனி

சுவர் கான்கிரீட்டைத் தொட்டுவிட்டது. நானே ஏறிக் கையால் தடவிப் பார்த்தேன். குழாயைச் சுற்றி ஒரு விரல் இடைவெளி இருந்தது. ஒரு விரல் போதும், எல்லாம் வீண். அடைத்தோம். கண்ணாடிப் பஞ்சு கழுத்தில் இறங்கி மூன்று நாளாக அரிக்கிறது.

ஹர்ஷா கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றான். அரை மணி நேரம். பத்திரமா, பத்திரமா என்று. ஏணியை அவன் பிடித்தால் ஆடாது. அது உண்மை. அதையும் எழுத வேண்டும்.

24 அக்டோபர், செவ்வாய்

தீபாவளிக்கு அடுத்த நாள் கிரகணம். தெருவில் ஒரு ஆள் இல்லை. சன்னலை எல்லாம் அடைத்துவிட்டு மூன்று பேரும் உள்ளே உட்கார்ந்திருந்தோம். வெளிச்சம் ஒரு மாதிரி வற்றி, திரும்பி வந்தது. அப்பா அம்மாவிடம் வாயசைத்தார்: இவ ஏன் எளைச்சுப்போனா?

நான் பார்த்தது அவருக்குத் தெரியாது.

11 நவம்பர், சனி

வரும் வியாழன் திறப்பு விழா. இன்று கடைசிச் சோதனை.

வரிசையாக எழுதுகிறேன்.

மதியம் மூன்று மணி. அறைக்குள் மில்காரர், பாரூக் சார், ஹர்ஷா. சொல் தாளைப் பரீட்சை அட்டையில் சொருகி ஹர்ஷா கையில் கொடுத்தேன். கதவைச் சாத்தினார்கள். நான் ஹாலில் கண்ணாடிக்கு எதிர் மேசை. ஒன்றிலிருந்து ஐம்பது வரை எண் போட்ட வெள்ளைத் தாள். பேனா.

கதவு சாத்திய கணமே தெரிந்துவிட்டது. அப்படி ஓர் அமைதியை நான் செய்ததில்லை. மில்காரர் மேசையைத் தட்டுகிறார், கேட்கவில்லை. நாற்காலியை இழுக்கிறார், கேட்கவில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது. ஒரு நிமிடம் நான் வேறு எதையும் நினைக்கவில்லை, என் சுவரையும் என் சீலிங்கையும் தவிர.

மில்காரர் மேலே பார்த்துச் சிரித்தார். வாய் அசைந்தது. இப்பப் பேசினா வெளிய கேக்காதல்லீங்க?

பாரூக் சார் தலையசைத்தார்.

நான் பார்க்க வேண்டும் என்று பார்க்கவில்லை. எங்கள் வீட்டில் வாய் அசைந்தால் பார்ப்போம். அவ்வளவுதான். மற்றவர்களால் காதை மூடிக்கொள்ள முடியாதது போல.

மில்காரர் ஹர்ஷா பக்கம் திரும்பினார். முகம் முழுதாக என் பக்கம் தெரிந்தது. சார் இருந்ததால் தமிழில் பேசினார். தெலுங்கில் பேசியிருந்தால் எனக்கு எதுவும் தெரிந்திருக்காது.

அப்ப இங்கயே கேட்டுப்போடறேன். கல்யாணத்தத் தை மாசம் வெச்சுக்கலாம்னு உங்கம்மா சொல்றா. அதுக்கு முன்ன ஒண்ணு. ஆபீஸ்ல நாலு பேரு நாலு விதமாப் பேசறாங்க. அந்த அம்மணிக்கும் உனக்கும் ஏதாச்சும் உண்டா? இருந்தாச் சொல்லு. சாரு முன்னால கேக்கறேன், அடிக்க மாட்டேன்.

இருந்தாச் சொல்லு என்றார். அவர் முகத்தில் கோபம் இல்லை. எழுதி வைக்கிறேன். இல்லவே இல்லை.

ஹர்ஷா கண்ணாடியைப் பார்த்து நின்றிருந்தான்.

இல்லீங்க மாமா.

அந்தச் சொல்லுக்கு நாக்கு மேலே போய் ஒட்டும். தறிக்கூடத்தில் நாற்பது தறி தள்ளி நின்றாலும் தப்பாது.

இல்லவே இல்லீங்க. அவிங்க அப்பா தறி ஓட்டறவரு. நம்மூட்டுக்கு எப்பிடிங்க மாமா? சும்மா வேலை விசயமாப் பேசறது.

பாரூக் சார் தரையைப் பார்த்தார்.

அப்போதுதான் ஹர்ஷாவின் கண் என்மேல் வந்து நின்றது. என் கண் எங்கே இருக்கிறது என்று பார்த்தான். அவன் வாயில்.

அவனுக்குத் தெரியும். காலேஜில் நான்தான் சொன்னேன். லைப்ரரியில் மேசைக்கு அந்தப் பக்கம் அவனை உட்காரவைத்து, நீ வாயை மட்டும் அசை, நான் சொல்கிறேன் என்று. அவன் முதலில் அசைத்தது என் பெயர். நான்கு வருடம் அதை வைத்துக்கொண்டிருந்தேன். அவன் எப்போது மறந்தான்? எங்கள் வீட்டைப் பற்றி நான் சொன்ன எல்லாவற்றையுமே மறந்துவிட்டானா? தறி மட்டும் ஞாபகம் இருந்திருக்கிறது.

நினைவு வந்தது தெரிந்தது.

வெளியே வருவான் என்று நினைத்தேன். கதவு இரண்டடியில் இருந்தது. அல்லது மாமா பக்கம் திரும்பி மறுபடியும் வாயைத் திறப்பான் என்று. எவ்வளவு நேரம்? மூன்று விநாடி இருக்கலாம். எனக்கு அந்த மூன்று விநாடி போதுமாக இருந்தது, எல்லாவற்றையும் மன்னிக்க.

பரீட்சை அட்டையைத் தூக்கினான். கண்ணுக்குக் கீழே, மூக்கு வாய் எல்லாம் மறையும்படி. படிக்க ஆரம்பித்தான்.

ஐம்பது சொல். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. இடையில் வேறு ஏதாவது சேர்த்தானா? அந்தக் குடோனில் சேர்த்தது போல? தெரியாது. தெரியப்போவதும் இல்லை. அவ்வளவு நன்றாகச் செய்திருந்தேன்.

அட்டை இறங்கியது. என் தாளில் ஐம்பது எண்களும் அப்படியே இருந்தன. அடியில் எழுதினேன்: கேட்ட சொற்கள் — பூஜ்யம். ஒப்பம், தேதி.

மில்காரர் குழந்தை மாதிரி ஓடி வந்தார். "ஒண்ணுமே கேக்கலீங்களா அம்மணி?"

"ஒண்ணுமே கேக்கலீங்க."

பொய் இல்லை.

"கெட்டிக்காரி! உங்கப்பா குடுத்து வெச்சவரு" என்றார். மனதாரச் சொன்னார்.

பாரூக் சார் தாளை வாங்கி மடித்தார். என் முகத்தைப் பார்த்தார். "செல்வி, நீ கிளம்பும்மா. மிச்சத்த நான் பாத்துக்கறேன்." அவருக்கு என்ன தெரியும்? ஏதோ தெரியும்.

படிக்கட்டில் ஹர்ஷா வந்து நின்றான். "செல்வி. நீ..." கைப்பிடியைப் பிடித்தான். "அங்க வேற என்ன சொல்லச் சொல்ற..."

"ஐம்பதும் படிச்சீங்களா ஹர்ஷா சார்?"

படிக்கட்டு ஏற்கெனவே திரும்பியிருந்தது. ஒருவரும் இல்லை. அவன் சுற்றிப் பார்த்தான், யாருக்காக நான் அப்படிப் பேசுகிறேன் என்று.

"படிச்சேன்" என்றான்.

"செரிங்க."

12 நவம்பர், ஞாயிறு

அப்பாவுக்குச் சொன்னேன். அம்மா கோழிக்குத் தீனி போட வெளியே போயிருந்தது. அப்பா கட்டிலில், நான் சுவரோரம். குரல் வராது என்று தெரிந்துதான் வாயை மட்டும் அசைத்தேன். அவன் பெயர். இல்லீங்க மாமா என்றது. அட்டை. எல்லாம்.

அப்பா கடைசிவரை பார்த்தார். நடுவில் ஒருமுறை கையைக் காட்டி, அந்த இடத்தை மறுபடியும் சொல்லச் சொன்னார். தறி ஓட்டறவரு என்ற இடம். நான் அதை விட்டுவிட்டுத் தாண்ட முயன்றிருந்தேன். சொன்னேன்.

அப்புறம் உரக்க, வாசலில் கோழிகள் சிதறும்படி, "அந்த மில்லு ஆபீஸ்ல ஒண்ணுமே கேக்கலியா கண்ணு? ஒரு சொல்லுகூடவா?" என்றார்.

இல்லை என்று தலையாட்டினேன்.

"அம்பதுல ஒண்ணுகூட?"

இல்லைப்பா.

"நீயா செஞ்ச?"

அழுதேன். இந்த முறை பஞ்சு இல்லை.

13 நவம்பர், திங்கள்

திறப்பு விழாவுக்கு வரவில்லை என்று பாரூக் சாரிடம் சொன்னேன். ஏன் என்று கேட்கவில்லை. வெள்ளகோவிலில் ஒரு எண்ணெய் மில் அலுவலகத்துக்கு சீலிங் கேட்டிருக்கிறார்கள், வியாழக்கிழமை அளவெடுக்க ஆள் வேண்டும் என்றார். நான் போகிறேன் என்றேன். சொல் தாளுக்குப் புதிதாக ஐம்பது சொற்கள் எழுதினேன். பழைய தாளை அலமாரியில் போட்டுப் பூட்டினேன். அளவெடுக்கும் டேப்பை எடுத்துப் பையில் வைத்தேன்.